மாத்திரை சாப்பிடும் தம்பிக்குப் பரோல் கிடைக்குமா?

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். தம்பிக்கு ஆறு வருஷத் தண்டனை. குடிபோதையில், பக்கத்து லயத்துக்காரரை (தோட்டத்து வரிசை வீட்டுக்காரரை) வெட்டிக் காயப்படுத்திய வழக்கு. உள்ளே போன பிறகுதான் மனச்சிதைவு நோய் என்று கண்டுபிடித்து மருந்து கொடுக்கிறார்கள். பாதித் தண்டனை முடியப் போகிறது, பரோலுக்காக மனநல மருத்துவர் வந்து பார்ப்பார் என்று சொல்லியிருக்கிறார்கள். "தஞ்சோங் ரம்புத்தான் (மனநல மருத்துவமனை இருக்கும் ஊர்) என்று பேப்பரில் ஏறிவிட்டால் பரோலும் கிடையாது, வெளியே வந்தால் வேலையும் கிடையாது, மருந்து சாப்பிடுவதையே சொல்ல வேண்டாம் என்று ஊரில் சொல்கிறார்கள். தம்பி என்ன சொல்ல வேண்டும்?" இதுதான் கேள்வி.

தங்கச்சி, தம்பி மருந்தை மறைக்கவே கூடாது. இதை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அப்புறம். அவர் என்ன மருந்து, எத்தனை மில்லிகிராம், எந்தத் தேதியிலிருந்து சாப்பிடுகிறார் என்பதெல்லாம் சிறை மருத்துவப் பதிவில் ஏற்கெனவே இருக்கிறது. பார்க்க வரும் மருத்துவர் அந்தக் கோப்பைப் படித்துவிட்டுத்தான் எதிரில் உட்காருவார். அவரிடம் போய் "எனக்கு ஒன்றுமில்லை, நான் மருந்தே சாப்பிடுவதில்லை" என்று சொன்னால், தன் நோயைத் தானே ஏற்றுக்கொள்ளாதவர், வெளியே போனால் மருந்தை நிறுத்திவிடுவார் என்றுதான் குறித்துக்கொள்வார். பரோலைக் கெடுக்கும் வரி அதுதான். நோயின் பெயர் கெடுப்பதில்லை.

நான் அரசு மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுகளில் 27 வருஷம் மெடிக்கல் அசிஸ்டெண்டாக இருந்தவன். நம் தோட்டத்து ஆட்கள் 'டிரஸ்ஸர்' என்பார்கள். வார்டில் இருந்ததைவிட வீடு வீடாகப் போய் மாத ஊசி போட்ட வருஷங்கள்தான் அதிகம். சிறையிலிருந்து வந்தவர்களின் வீடுகளுக்கும் போயிருக்கிறேன். அந்த அனுபவத்திலிருந்துதான் இதை எழுதுகிறேன்.

பரோல் என்றால் என்ன என்பதிலேயே நம் ஊரில் குழப்பம் இருக்கிறது. தமிழ்நாட்டுச் செய்தியில் வருகிற பரோல், கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் சில நாள் வெளியே விடுகிற விடுப்பு. மலேசியாவில் பரோல் அது இல்லை. 1995ஆம் ஆண்டுச் சிறைச்சாலைச் சட்டத்தை 2008இல் திருத்திக் கொண்டு வந்தார்கள். ஒரு வருஷமோ அதற்கு மேலோ தண்டனை பெற்றவர், பாதியை முடித்திருந்து, நடத்தையும் நன்றாக இருந்தால், மீதிக் காலத்தில் ஒரு பகுதியை வெளியில், பரோல் அதிகாரியின் கண்காணிப்பில் கழிக்கலாம். சில கடுமையான குற்றங்களைச் சட்டத்தின் அட்டவணை விலக்கி வைத்திருக்கிறது. உங்கள் தம்பியைத் தகுதிப் பட்டியலில் சேர்த்துவிட்டார்களா என்பதைச் சிறையிலேயே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

முடிவெடுப்பது பரோல் வாரியம். அதன் முன் வைக்கும் அறிக்கையைத் தயாரிப்பவர் பரோல் அதிகாரி. குற்றம் எப்படி நடந்தது, முன்பு வழக்கு உண்டா, உள்ளே எப்படி நடந்துகொள்கிறார், எந்தப் பயிற்சியில் சேர்ந்தார், வீட்டில் யார் ஏற்றுக்கொள்கிறார்கள், அடிபட்டவர் தரப்பு என்ன சொல்கிறது என்று பல பக்கங்கள் அதில் வரும். மனநல மதிப்பீடு அதில் ஒரு பகுதிதான். மருத்துவர் "விடலாம்" என்றோ "விடக்கூடாது" என்றோ தீர்ப்பு எழுதுவதில்லை. இந்த மனிதரின் நிலை இது, இது கூடினால் ஆபத்து, இது இருந்தால் ஆபத்து குறையும் என்று எழுதிக் கொடுப்பார். அதை எடைபோடுவது வாரியம்.

ஊரார் பயப்படுவது வேறொரு விஷயத்தை நினைத்து. தஞ்சோங் ரம்புத்தானில் 1911இல் திறந்த மருத்துவமனைக்கு இப்போது பெயர் ஹாஸ்பிட்டல் பஹாகியா உலு கிந்தா. பஹாகியா என்றால் மகிழ்ச்சி. ஆனால் நம் ஆட்கள் வாயில் ஊர்ப் பெயரே வசவாகிவிட்டது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்கூட 'டி.ஆர். கேஸ்' என்று கேலி செய்கிறார்கள். உண்மையில் அங்கே அனுப்பும் வழக்குகள் இரண்டு வகை. ஒன்று, வழக்கு விசாரணையின் போது, குற்றம் சாட்டப்பட்டவர் தன் வழக்கைப் புரிந்துகொள்ளும் நிலையில் இருக்கிறாரா என்று பார்க்க, குற்றவியல் நடைமுறைச் சட்டம் 342இன் கீழ் நீதிமன்றம் அனுப்புவது. இன்னொன்று, செயலைச் செய்தவர் இவர்தான், ஆனால் செய்த நேரத்தில் சித்தம் சரியில்லை என்று விடுவித்து, 348இன் கீழ் ஆட்சியாளரின் விருப்பம் உள்ளவரை என்று பாதுகாப்பில் வைப்பது. இந்த இரண்டாவது வகையில்தான் தேதியே கிடையாது. மருத்துவரின் அறிக்கைக்கு அங்கே மிகப் பெரிய எடை. நோய் அடங்கிய பிறகும், கூட்டிக்கொண்டு போக வீட்டார் வராததால் வருஷக்கணக்கில் அங்கேயே தங்கிப்போனவர்களை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மனசு ஆறவில்லை.

உங்கள் தம்பி இந்த இரண்டிலும் இல்லை. அவருக்குத் தண்டனைக் காலம் உண்டு, முடிகிற தேதி உண்டு. மனநல மருத்துவர் பார்ப்பதால் அந்தத் தேதி தள்ளிப் போகாது.

சரி, மருத்துவர் என்ன கேட்பார்? ஒருவர் வன்முறையில் இறங்கும் ஆபத்தைக் கணிக்க, பல நாடுகளில் பயன்படுத்தும் எச்.சி.ஆர்-20 என்ற மதிப்பீட்டு முறை ஒன்று இருக்கிறது. கனடாவில் உருவானது, 1990களில் வந்தது, 2013இல் மூன்றாம் பதிப்பு. எல்லாச் சிறையிலும் இதையே வைத்துத்தான் பார்க்கிறார்கள் என்று சொல்ல வரவில்லை. இந்தத் துறையில் கேள்விகளின் போக்கு எப்படி இருக்கும் என்று அதிலிருந்து புரிந்துகொள்ளலாம். இருபது அம்சங்கள். பத்து, நடந்து முடிந்தவை: சின்ன வயதில் அடிதடி உண்டா, குடி, வேலை, உறவு, பெரிய மனநோய் இருந்ததா. இந்தப் பத்தை யாராலும் மாற்ற முடியாது. ஐந்து, இப்போதைய நிலை: தன் நோயைப் புரிந்திருக்கிறாரா, குரல் கேட்கிறதா, கோபம் எப்படி, மருந்துக்கு உடம்பு எப்படிக் கேட்கிறது. கடைசி ஐந்துதான் நீங்கள் கவனிக்க வேண்டியவை. வெளியே சிகிச்சைக்கு என்ன ஏற்பாடு, எந்த வீட்டில் இருப்பார், துணைக்கு யார், மருந்தையும் கண்காணிப்பையும் ஏற்று நடப்பாரா, மனஉளைச்சல் வந்தால் என்ன செய்வார்.

பாருங்கள், அந்த ஐந்தில் பாதிக்கு மேல் பதில் தம்பி கையில் இல்லை, உங்கள் கையில் இருக்கிறது. உள்ளே இருப்பவரால் வீட்டைச் சரி செய்ய முடியாது. தம்பி மருத்துவரிடம் என்ன சொல்ல வேண்டும் என்று கேட்டீர்கள். உள்ளதைச் சொல்லட்டும். அவர் சொல்வதைத் தாங்கிப் பிடிக்க உங்கள் வீடு தயாராக இருக்கிறதா என்பதுதான் எனக்கு அதைவிடப் பெரிய கேள்வி.

ஒரு வீட்டைச் சொல்கிறேன். செம்பனைத் தோட்டத்து வரிசை வீடு. சிறையிலிருந்து வந்து மூன்று வாரம் ஆன பையனுக்கு ஊசி போடப் போனேன். முன்னறையில் மெத்தை. தலைமாட்டில் சுவரோரமாக அவன் அப்பாவின் அரிவாள், செம்பனைக் குலை வெட்டுகிற நீளக் கம்பு அரிவாள், கோணியைக்கூடச் சுற்றாமல் சாய்த்து வைத்திருந்தது. அந்தப் பையன் உள்ளே போனதே அரிவாளால்தான். வீட்டார் கெட்டவர்கள் இல்லை. முப்பது வருஷமாக அது நிற்கிற இடம் அது, கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். சமையல் மேடையில் ஒரு மைலோ டின். அதற்குள் முந்தைய மாத மாத்திரைகள் பாதி அப்படியே கிடந்தன. "மறந்துட்டான்யா" என்றார் அம்மா. நான் எதுவும் திட்டவில்லை. அப்பாவும் நானுமாக அரிவாளைத் தூக்கிக்கொண்டு போய்ச் சித்தப்பா வீட்டுக் கொட்டகையில் வைத்தோம். மாத்திரையை அம்மாவே ராத்திரி சாப்பாட்டோடு கொடுத்து, காலண்டரில் கோடு போட வேண்டும் என்று பேசிக்கொண்டோம். அடுத்த மாதம் போனபோது காலண்டரில் முப்பது கோடு இருந்தது.

பரோல் அதிகாரி உங்கள் வீட்டுக்கு வரும்போது இதையெல்லாம்தான் பார்ப்பார்.

குடியைப் பற்றியும் மனம் விட்டுப் பேசிவிடுவோம். மனநோய் உள்ளவர் என்றாலே வெட்டுவார், குத்துவார் என்று நினைப்பது தவறு. அமெரிக்காவில் மூன்று நகரங்களில் மனநல மருத்துவமனையிலிருந்து வெளியே வந்த ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பின்தொடர்ந்த மெக்ஆர்தர் ஆய்வு 1998இல் வெளியானது. குடியோ போதையோ இல்லாத நோயாளிகளை, அதே வட்டாரத்தில் குடியும் போதையும் இல்லாத மற்ற மனிதர்களோடு ஒப்பிட்டார்கள். வன்முறையில் பெரிய வித்தியாசமே இல்லை. போதை சேர்ந்தால்தான் அளவு ஏறியது, நோயாளிக்கும் ஏறியது, மற்றவருக்கும் ஏறியது. நம் தோட்டங்களில் சம்சு (மலிவுச் சாராயம்) பாட்டில் என்ன செய்தது என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தம்பி வருகிற வீட்டில் வேறு யாராவது குடிக்கிறார்களா? மதிப்பீடு செய்கிறவர் இதைக் கேட்பார். கேட்காவிட்டாலும் நீங்கள் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். மாமாவோ அண்ணனோ தினம் சாயங்காலம் வாசலில் பாட்டிலோடு உட்காருகிற வீடு என்றால் வேறு விலாசம் தேடுவது நல்லது.

விலாசத்தில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. அடிபட்டவர் பக்கத்து லயம் என்கிறீர்கள். தினமும் முகத்தைப் பார்க்க வேண்டிவரும். அவர்கள் வீட்டுக்கும் ஒரு நியாயம் இருக்கிறது தங்கச்சி, வெட்டுப்பட்டவர் அவர். பத்துப் பதினைந்து மைல் தள்ளி அத்தை வீடோ பெரியப்பா வீடோ இருந்து, அவர்கள் மனமார ஒத்துக்கொண்டால், அந்த விலாசத்தைக் கொடுங்கள். ஒப்புக்குச் சரி என்று சொல்லிவிட்டு அதிகாரி வந்தபோது முகம் சுளிக்கிற வீடு வேண்டாம்.

இப்போது மொழி. என்னை அதிகம் வருத்தும் விஷயம் இது.

மதிப்பீடு பெரும்பாலும் மலாயில் நடக்கும். நம் தோட்டத்து இளைஞர்களுக்கு மலாய் தெரியும், சாமான் வாங்கவும் வேலை செய்யவும் நன்றாகவே தெரியும். மனசுக்குள் இருப்பதைச் சொல்ல அந்த மலாய் போதாது. "நெஞ்சு அடைக்குது", "தலை கனமா இருக்கு", "மனசு ஒரு நிலையில இல்ல" என்று நாம் சொல்வது, மலாயில் போகும்போது நெஞ்சு வலி, தலைவலி ஆகிவிடும். கிடைப்பது பனடோல், வலி மாத்திரை.

இதற்கு நேர் எதிராக நடந்ததும் உண்டு. ஓரிடத்தில் ஒருவரைப் பார்த்தேன். நாற்பது வயது, தோட்டத்து முனியாண்டி கோயிலில் வருஷா வருஷம் திருவிழாவுக்குச் சாமி ஆடுகிறவர். மதிப்பீட்டில் அவரிடம், "உனக்கு மட்டும் ஏதாவது குரல் கேட்குமா?" என்று மலாயில் கேட்டிருக்கிறார்கள். அவர் வெள்ளந்தியாக, "கேட்கும், டத்தோ முனியாண்டி என்னோடு பேசுவார்" என்று பதில் சொல்லியிருக்கிறார். குரல் கேட்கிறது, தெய்வம் கட்டளையிடுவதாக நம்புகிறார் என்று எழுதிவிட்டார்கள். பல மாதம் கழித்துத் தமிழ் தெரிந்த மருத்துவர் ஒருவர் மறுபடி உட்கார்ந்து கேட்டார். எப்போது பேசுவார்? உறுமி அடிக்கும்போது. அப்புறம்? தீபம் காட்டினதும் இறங்கிடுவார். வீட்டில் பேசுவாரா? வீட்டுக்கு ஏன் வரப் போகிறார் என்று அந்த ஆள் திருப்பிக் கேட்டார். அவருக்கு மனச்சிதைவு இல்லை.

இதைக் கேட்டுவிட்டு, தம்பிக்குக் கேட்ட குரலும் சாமிதான் என்று நீங்கள் ஆறுதல் அடைந்துவிடக் கூடாது. சாமி என்று சொல்லி நோயை வளரவிட்ட வீடுகளை இதைவிட அதிகமாகப் பார்த்திருக்கிறேன். நான் கவனிக்கிற வித்தியாசம் இது: சாமி கோயிலில், மேளத்தில், நாலு பேர் நடுவில் வரும், வந்தபின் போய்விடும், ஊரும் அதைச் சாமி என்று ஒத்துக்கொள்ளும். நோயின் குரல் ராத்திரி மூன்று மணிக்குத் தனியாக இருக்கும்போது வரும், தூக்கத்தைக் கெடுக்கும், சாப்பாட்டில் விஷம் என்று சொல்லும், பக்கத்து வீட்டுக்காரன் பேசுகிறான் என்று சொல்லும். தம்பிக்கு எது இருந்தது என்று உங்கள் வீட்டுக்குத்தான் முதலில் தெரிந்திருக்கும். அந்த நாட்களை நினைவுபடுத்தி ஒரு தாளில் எழுதி அதிகாரியிடம் கொடுங்கள். எப்போதிலிருந்து தூங்கவில்லை, எப்போது வேலைக்குப் போவதை நிறுத்தினார், என்ன பேசினார், அப்போது குடித்தாரா. மருத்துவருக்கு அதைவிட உதவியான காகிதம் எதுவும் கிடையாது.

இன்னொன்று. தம்பியைப் பார்க்க வருகிறவர் சிகிச்சை கொடுக்கும் மருத்துவராக இருக்கலாம், அறிக்கை எழுத மட்டும் வருகிறவராகவும் இருக்கலாம். அறிக்கை எழுத வருகிறவரிடம் சொல்வது வாரியத்துக்குப் போகும், அது இரகசியமாக இருக்காது. நல்ல மருத்துவர் இதை முதலிலேயே சொல்லிவிடுவார். சொல்லாவிட்டால் தம்பி கேட்கலாம், கேட்பதில் தப்பில்லை. இதற்காகப் பொய் சொல்ல வேண்டியதில்லை. யாரிடம் பேசுகிறோம் என்று தெரிந்து பேச வேண்டும்.

'சைக்கோ' என்ற வார்த்தையால் வருகிற குழப்பத்தையும் சொல்லிவிடுகிறேன். மனச்சிதைவு என்பது மருந்துக்குக் கட்டுப்படும் நோய். சைக்கோபதி என்பது ஈவிரக்கமில்லாத குணஅமைப்பு, அதற்குத் தனி அளவுகோல் இருக்கிறது. இரண்டும் வேறு வேறு. உங்கள் தம்பிக்குச் சொல்லியிருப்பது முதலாவது.

மருத்துவர்களின் கணிப்பு எப்போதும் சரியாக இருக்குமா என்றும் உங்களுக்குத் தோன்றலாம். இருக்காது. 1966இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பாக்ஸ்ட்ரோம் என்பவரின் வழக்கில் ஒரு தீர்ப்பு கொடுத்தது. அதன் விளைவாக, ஆபத்தானவர்கள் என்று நியூயார்க்கின் பாதுகாப்பு மனநல மருத்துவமனைகளில் வைத்திருந்த 960க்கும் மேற்பட்டவர்களைச் சாதாரண மருத்துவமனைகளுக்கு மாற்ற வேண்டி வந்தது. பெரிய கலவரம் ஆகும் என்று பயந்தார்கள். வருஷக்கணக்கில் பின்தொடர்ந்து பார்த்தபோது, மிகச் சிலரே வன்முறையில் இறங்கியிருந்தார்கள். 'இவர் ஆபத்தானவர்' என்று சொல்வதில் அந்தக் கால மருத்துவர்கள் எவ்வளவு தூரம் மிகைப்படுத்தினார்கள் என்பது அதில் தெரிந்தது. இன்றைக்குக் கேள்விகளை வரிசைப்படுத்திக் கேட்பதற்கும், நடந்ததை மட்டும் பார்க்காமல் வரப்போவதற்கான ஏற்பாட்டையும் பார்ப்பதற்கும், அப்படிப்பட்ட அனுபவங்கள் ஒரு காரணம்.

பரோல் மறுத்தால் என்ன ஆகும் என்பதையும் கணக்குப் போட்டுப் பார்ப்போம். நன்னடத்தைக்கு மூன்றில் ஒரு பங்கு கழிவு உண்டு. ஆறு வருஷத்தில் நாலு வருஷம் முடிந்ததும் தம்பி எப்படியும் வெளியே வந்துவிடுவார். அப்படி வரும்போது பரோல் அதிகாரி கிடையாது, விலாசத்தைச் சோதிக்க யாரும் இல்லை, மருந்து சாப்பிடுகிறாரா என்று கேட்க யாரும் இல்லை. மூன்று வருஷம் முடிந்ததும் பரோலில் வந்தால், குறிப்பிட்ட நேரத்துக்கு மேல் வெளியே போகக் கூடாது, அதிகாரியிடம் போய் நிற்க வேண்டும், நிபந்தனையை மீறினால் திரும்ப உள்ளே என்று ஒரு வேலி இருக்கும். நோயுள்ளவருக்கும் அவர் குடும்பத்துக்கும், வெட்டுப்பட்டவரின் குடும்பத்துக்கும்கூட, அந்த வேலி நல்லது என்பதே என் கருத்து. நோய் இருக்கிறது என்பதற்காக மட்டும் பரோலை மறுப்பது பாதுகாப்பு ஆகாது. ஏற்பாடு எதுவும் இல்லாமல் விடுவதும் பாதுகாப்பு ஆகாது.

அதனால் ஏற்பாட்டைச் செய்யுங்கள். அருகில் இருக்கும் கிளினிக் கெசிஹாத்தானுக்கு (அரசு சுகாதார கிளினிக்குக்கு) போய், தம்பி வந்தால் மருந்தும் மாத ஊசியும் அங்கேயே வாங்க முடியுமா, எந்தக் கிழமை மனநல கிளினிக் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். முடிந்தால் ஒரு கடிதமும் வாங்குங்கள். யார் கூட்டிக்கொண்டு போவார்கள், மோட்டார் யாருடையது, பஸ் என்றால் எத்தனை மணிக்கு, இதெல்லாம் சின்ன விஷயமாகத் தெரியும். ஊசி தவறிப்போவது பெரும்பாலும் பஸ் தவறிப்போவதால்தான். வேலைக்கு ஒரு முதலாளி ஒத்துக்கொண்டால் அவர் பெயரையும் கொடுங்கள், ஆனால் அவரிடம் உண்மையைச் சொல்லிவிட்டுக் கொடுங்கள். உங்களுக்கே மனம் தாங்காமல் போனால் ஹீல் 15555க்குக் கூப்பிடுங்கள். அது சுகாதார அமைச்சின் மனநல உதவி எண்.

தம்பியைப் பார்க்க அடுத்து எப்போது போகிறீர்கள்? போகும்போது ஒரே ஒரு மலாய் வாக்கியத்தைச் சொல்லிக்கொடுத்து, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று இரண்டு தடவை அவரைச் சொல்லவைத்துக் கேளுங்கள். மருத்துவர் எதிரில் உட்கார்ந்ததும் முதலில் சொல்ல வேண்டியது: "சாயா லெபிஹ் பாஹாம் பஹாசா தமிழ்." எனக்குத் தமிழ்தான் நன்றாகப் புரியும்.